எம்ஜீபியின் பின் டிறம்மை டிஸ்க்காக மாற்றுவது எப்படி: யாழ்ப்பாணத்தில் இருந்து செய்பவர்களுக்கு

பின் சில்லுக்கு டிஸ்க் போட்டால் கார் பாதித் தூரத்தில் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். (டிஸ்க் என்பது சில்லோடு சுற்றும் தட்டு, அதை இரண்டு பக்கமும் பேட் நெரிக்கும். டிறம் என்பது மூடிய கிண்ணம், அதற்குள்ளிருந்து ஷூ வெளிப்பக்கம் அழுத்தும்.) எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் முன் பிறேக்கும் ரயரும்தான் தீர்மானிக்கின்றன. எம்ஜீபி என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் 1962இல் வெளிவந்தபோதே முன்னுக்கு 10.75 அங்குல டிஸ்க், பின்னுக்கு 10 அங்குல டிறம். 1980இல் அதைச் செய்த அபிங்டன் தொழிற்சாலையை மூடும்வரை பின் டிறம் மாறவில்லை. அந்தப் பாரத்துக்கும் அந்த வேகத்துக்கும் அது போதுமாக இருந்தது. அதனால் உங்கள் டிறம் தேயாமல் நல்ல நிலையில் இருந்தால், புது ஷூ, புது வீல் சிலிண்டர், புது ஒயில் சீல் போட்டு ஒழுங்காக அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டுங்கள். அலோய் சில்லுக்குள்ளால் டிஸ்க் பளபளவென்று தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் காரணம் என்றால் இந்த வேலை வேண்டாம்.

அப்படியென்றால் ஏன் மாற்றுவது? எங்கள் ஊரில் அதற்கு ஒரு உருப்படியான காரணம் இருக்கிறது, அதுதான் தண்ணீர். கார்த்திகை, மார்கழியில் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும்போது டிறம்முக்குள் தண்ணீர் போய்விடும். போனது இலேசில் வராது. அடுத்த சில தடவை பெடலை மிதித்தால் பின்னுக்கு ஒன்றும் நடக்காது, பிறகு ஒரு பக்கம் முதலில் காய்ந்து, அந்தப் பக்கம் மட்டும் பிடித்து, கார் இழுக்கும். தண்ணீரோடு வலிகாமத்துச் செம்மண்ணும் வடமராட்சி மணலும் உள்ளே போய் ஷூவுக்கும் டிறம்முக்கும் நடுவில் இருந்து அரைக்கும். டிஸ்க் திறந்தவெளியில் சுற்றுவதால் தண்ணீரை வீசி எறிந்துவிடும், மிச்சத்தைப் பேட் துடைத்துவிடும். இன்னொரு காரணம், கடைந்து பெருப்பிக்கக்கூடிய எல்லையையும் தாண்டித் தேய்ந்த டிறம். புதியதை இங்கிலாந்திலிருந்து எடுத்தால் அந்த இரும்புப் பாரத்துக்குக் கப்பல் கூலியே ஒரு தொகை வரும். இந்த இரண்டில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் மேலே வாசியுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஏ40, மொறிஸ் மைனர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஊர் இது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். அந்தச் சமாளிக்கும் கெட்டித்தனம் எங்கள் மெக்கானிக்மாரின் கையில் இன்றைக்கும் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் பிறேக்கில் சமாளிப்பு வேண்டவே வேண்டாம். என்ஜினில் சமாளித்தது பிழைத்தால் கார் நின்றுவிடும். பிறேக்கில் சமாளித்தது பிழைத்தால் கார் நிற்காது.

ஸ்பானரைத் தொட முதல் ஒரு கணக்கு

இந்த வேலையில் ஆபத்தான இடம் வெல்டிங்கோ பைப்போ இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் பிறேக் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதுதான். பிறேக் அடிக்கும்போது காரின் பாரம் முன்னுக்குச் சாயும். எம்ஜீபியில் நிற்கும்போது முன்பின் பாரம் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. வீல்பேஸ் 91 அங்குலம், அதாவது 2.31 மீற்றர். பாரத்தின் மையம் நிலத்திலிருந்து ஏறத்தாழ அரை மீற்றர் உயரம் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த தாரில் இறுக்கி அடிக்கும்போது பின் சில்லுகளில் மிஞ்சும் பாரம் நூற்றுக்கு 30க்குச் சற்றுக் குறைவு. மழைத் தரையில் அவ்வளவு இறுக்கி அடிக்க முடியாது என்பதால் சாய்வும் குறைவு, பின்னுக்கு நூற்றுக்கு 40 வரை மிஞ்சும். ஆகக் காய்ந்த தரைதான் பின் பிறேக்குக்கு எல்லை போடுகிறது. பின் பிறேக்கின் பங்கு நூற்றுக்கு 28ஐத் தாண்டினால் முன் சில்லுக்கு முந்திப் பின் சில்லு பூட்டிவிடும். முன் சில்லு பூட்டினால் கார் திரும்பாது, ஆனால் நேரே போகும். பின் சில்லு பூட்டினால் பின்பக்கம் முன்னுக்கு வரப்பார்க்கும், காரே சுழலும். பின்னால் ஒரு மினிபஸ் வந்துகொண்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி பிஸ்டன். பிஸ்டனால் பேட்டை டிஸ்க்கில் இறுக்குவதுதான் கலிப்பர். எம்ஜீபியின் முன் கலிப்பரில் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக 2⅛ அங்குல, அதாவது 54 மி.மீ. பிஸ்டன். பரப்பு ஏறத்தாழ 22.9 சதுர சென்ரிமீற்றர். பின்னுக்கு நீங்கள் போடப்போவது ஒற்றைப் பிஸ்டன் உள்ள, ஊசியில் (ஸ்லைட் பின்) வழுக்கி அசையும் வகைக் கலிப்பர். இரண்டு வகையிலும் இறுக்கும் விசையைத் தருவது ஒரு பக்கத்துப் பரப்புத்தான் என்பதால் ஒன்றுக்கொன்று நேரே ஒப்பிடலாம். 38 மி.மீ. பிஸ்டன் என்றால் 11.3, 34 என்றால் 9.1, 30 என்றால் 7.1 சதுர சென்ரிமீற்றர். முன் பின் டிஸ்க்குகளின் ஆரையும் பேட்டின் பிடிப்பும் ஒன்று என்று வைத்தால் பின் பிறேக்கின் பங்கு முறையே நூற்றுக்கு 33, 28, 24. பார்த்தீர்களா, 38 பிஸ்டன் எல்லையைத் தாண்டிவிட்டது. 34 எல்லையிலேயே நிற்கிறது. பின் டிஸ்க் சிறிது என்றால் பங்கு இன்னும் கொஞ்சம் குறையும். பெடல் மிதிக்கும் விசையைக் கூட்டும் சேர்வோ பூட்டிய வண்டியிலும் இந்தப் பங்கு மாறாது, அது இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத்தான் கூட்டுகிறது.

“பெரிய கலிப்பர் போட்டால் நல்லாப் பிடிக்குமே அண்ணை” என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். பின்னுக்குப் பெரிது நல்லதில்லை. என் தெரிவு 34 மி.மீ. பிஸ்டனும் பின் லைனில் ஒரு அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய அழுத்தக் குறைப்பு வால்வும். வால்வு கிடைக்காவிட்டால் 30க்கு இறங்குங்கள்.

எந்தக் காரின் சாமான்

எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. எம்ஜீபியில் சில்லுப் போல்ற் வட்டம் நான்கு போல்ற், நாலரை அங்குலம், அதாவது 114.3 மி.மீ. எங்கள் றோட்டில் ஓடிய பழைய ஜப்பான் கார்கள் பலவற்றிலும் அதே 4க்கு 114.3தான். ஆகவே டிஸ்க்குக்குக் கடல் தாண்டத் தேவையில்லை, கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும், அறிந்த கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் பஸ்ஸிலேயே யாழ்ப்பாணம் வந்து சேரும். ஆனால் டிஸ்க்கைப் புதிதாகவே எடுங்கள். பழையது எவ்வளவு கடைந்திருக்கிறது என்று கண்ணால் தெரியாது, குறைந்தபட்சத் தடிப்பு பெரும்பாலும் டிஸ்க்கின் விளிம்பிலோ தொப்பியிலோ பொறித்திருக்கும். 240 முதல் 260 மி.மீ. விட்டம், காற்றுத்துளை இல்லாத தட்டையான டிஸ்க் போதும்.

நடு ஓட்டை எம்ஜீபி ஹப்புக்குச் சரியாக இராது. சிறிதாக இருந்தால் லேத்தில் பெருப்பிக்கலாம். பெரிதாக இருந்தால் ஒரு மையவளையம் கடைந்து போடவேண்டும். நான்கு ஸ்ரட்டும் தானாக மையத்துக்குக் கொண்டுவரும் என்று விட்டுவிட வேண்டாம்.

கலிப்பரில் பார்க்கவேண்டியது ஹாண்ட் பிறேக். ஜப்பான் கார்களில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் கலிப்பரிலேயே ஒரு நெம்புகோல் இருந்து அதே பிஸ்டனைத் தள்ளும், பழைய ஹொண்டா, நிசான் பலவற்றில் இதுதான். மற்றதில் டிஸ்க்கின் தொப்பிக்குள் ஒரு குட்டி டிறம் இருக்கும், அதற்குத் தனி பேக்பிளேற் வேண்டும். எங்களுக்கு முதலாவதுதான் வேண்டும். ஜகுவார் ஈ-ரைப்பில் செய்ததுபோல் ஹாண்ட் பிறேக்குக்கென்றே தனியாக ஒரு சிறு கலிப்பர் வைக்கும் வழியும் உண்டு, ஆனால் எம்ஜீபியின் சில்லுக்குள் அதற்கு இடம் தேடுவது வீண் வேலை.

வாங்க முன் கடையிலேயே நெம்புகோலைக் கையால் அசைத்துப் பாருங்கள். இறுகி நின்றால் அல்லது போன இடத்திலிருந்து திரும்பி வராவிட்டால் வேண்டாம். ரப்பர் உறை கிழிந்து உள்ளே துரு தெரிந்தாலும் வேண்டாம். நல்லது கிடைத்தாலும் கழற்றி, பிஸ்டனைப் பார்த்து, சீல் செற் புதிதாகப் போட்டுத்தான் பூட்டவேண்டும். பிஸ்டனில் நகம் தட்டுப்படுகிற அளவு துருக்குழி இருந்தால் அதை எறிந்துவிடுங்கள்.

கழற்றுதல்

உங்கள் பின் அக்ஸில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். 1967 வரைக்குமான திறந்த வண்டிகளில் பாஞ்சோ அக்ஸில், பின்னாலிருந்து பார்த்தால் நடுப்பகுதி வழுவழுப்பான உருண்டை. கூரை மூடிய ஜீரீயிலும் பிந்திய எல்லா வண்டிகளிலும் குழாய் அக்ஸில், பின்பக்கம் போல்ற் போட்ட மூடி இருக்கும். கீழே சொல்வது குழாய் அக்ஸிலுக்கு. கம்பிச் சில்லு வண்டி என்றால் டிறம் நிற்கும் ஹப்பே வேறு, போல்ற் வட்டமும் வேறு, 4க்கு 114.3 டிஸ்க் அதில் நேரே ஏறாது.

முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, அக்ஸிலை ஸ்ராண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜக்கை நம்பி அடியில் போகவேண்டாம், செங்கல் வேண்டவே வேண்டாம். ஹப் நட் 1 5/16 அங்குலம், ஸ்பிளிற் பின் போட்டிருக்கும், இறுக்கம் 150 அடி இறாத்தல். டிறம் இன்னும் பூட்டியிருக்கும்போதே, ஒருவர் பிறேக்கை மிதித்துப் பிடித்திருக்க, நீளமான பிடியால் அதை இளக்கிக்கொள்ளுங்கள். டிறம்மைக் கழற்றிய பிறகுதான் நட் ஞாபகம் வந்தால் ஹப்பைப் பிடிக்க வழியில்லாமல் நிற்பீர்கள்.

பழைய ஷூவின் தூசை ஊதித் தள்ளவேண்டாம். அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டி அகற்றுங்கள். கொம்பிரஷர் காற்று அடிப்பதற்குப் பையன்கள் துடிப்பார்கள், தடுங்கள்.

டிறம், ஷூ, பைப், ஹப், கடைசியில் நான்கு போல்ற்றில் நிற்கும் பேக்பிளேற். ஹப்பை எடுத்தாயிற்று என்றால் ஒயில் சீலையும் மாற்றிவிடுங்கள், அக்ஸில் ஒயில் ஒரு சொட்டு பேட்டில் பட்டாலும் அந்தப் பேட் முடிந்தது.

பிறக்கற்

கலிப்பரை அக்ஸிலில் தாங்கும் தகடுதான் பிறக்கற். பேக்பிளேற் நின்ற அதே நான்கு ஓட்டைகளில் இது உட்காரும். முதலில் மட்டையில் வெட்டிப் பாருங்கள். ஹப்பையும் டிஸ்க்கையும் பூட்டி, பேட் போட்ட கலிப்பரைக் கையால் டிஸ்க்கில் இறுக்கிப் பிடித்து, சில்லையும் ஏற்றிப் பாருங்கள். எங்கே வைத்தால் வில்லின் யூ-போல்ற்றிலும், நெம்புகோல் ஷொக் அப்சோர்பரின் கையிலும், அக்ஸில் பட்டியிலும் தட்டாது என்று தேடவேண்டும். அக்ஸில் மேலும் கீழும் போகும், அதனால் ஜக்கால் முழுக்கத் தூக்கியும் இறக்கியும் பார்க்கவேண்டும். சில்லின் உட்பக்கத்துக்கும் கலிப்பருக்கும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும்.

காற்றெடுக்கும் நிப்பிள் கலிப்பரின் ஆக உயரமான இடத்தில் வரவேண்டும். இடதும் வலதும் மாறிப் பூட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், எவ்வளவு பம்ப் பண்ணினாலும் மேலே நிற்கும் காற்று வராது. பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறதென்று மாஸ்ரர் சிலிண்டரை மாற்றித் திரிபவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் வருத்தம்.

லேத்துக்குப் போனால் ஒரு பேச்சு வரும்.

“தம்பி, எட்டு மில்லித் தகடு கிடக்கு, அது போதாதோ?”

“இல்லை அண்ணை, பன்னிரண்டு போடுங்கோ. இறுக்கி அடிச்சால் ஒரு கலிப்பரில நானூறு கிலோ இழுக்கும்.”

அந்த நானூறு சும்மா சொன்னதில்லை. ஆட்களோடு 1150 கிலோ என்று வைத்தால், முழுப் பிறேக்கில் ஒரு பின் சில்லு ரயரில் ஏறத்தாழ 145 கிலோ விசையால் காரைப் பிடிக்கிறது. ரயரின் ஆரை 30 சென்ரிமீற்றர், பேட் பிடிக்கும் இடத்தின் ஆரை 10 சென்ரிமீற்றர், அதனால் கலிப்பரில் மூன்று மடங்கு. அது ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் வந்து வந்து போகும், தகட்டுக்கு அதுதான் பாரம். 12 மி.மீ. மென்னுருக்கில், மூலைகளைக் கூராக விடாமல் உருட்டி, ஓட்டைகளைக் காஸில் ஊதாமல் துளைத்து எடுங்கள். அச்சில் உட்காரும் நடு வட்டத்தை லேத்தில் கடையவேண்டும். துண்டுகளைச் சேர்த்து வெல்ட் பண்ணாமல் ஒரே தகட்டில் வெட்டுவதுதான் நல்லது. வார்ப்பிரும்புக் கலிப்பரில் வெல்டிங் என்ற பேச்சே கூடாது. போல்ற் 8.8 தரத்துக்குக் குறையாமல், ஓட்டைக்குள் மரை வராமல் மொட்டைத் தண்டு வரும் நீளத்தில் பாருங்கள்.

பூட்டிய பிறகு டயல் கேஜ் வைத்து டிஸ்க்கைச் சுற்றிப் பாருங்கள். விளிம்புப் பக்கம் அசைவு 0.1 மி.மீட்டருக்கு மேலே போகக்கூடாது. போனால் ஹப்பின் முகத்தில் துருவோ பெயின்றோ இருக்கும், அதைச் சுத்தம் பண்ணி, டிஸ்க்கை ஒரு ஸ்ரட் தள்ளி மாற்றிப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கின் நடுவும் கலிப்பரின் நடுவும் ஒரே கோட்டில் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் அளந்து கடைந்த தட்டை வளையம் போட்டுச் சரிசெய்யுங்கள், கண்டபடி வாஷர் அடுக்கவேண்டாம். சில்லு நட் ஸ்ரட்டின் விட்டமளவாவது மரையில் ஏறவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், டிஸ்க்கின் தொப்பி டிறம்மின் முகத்தைவிடத் தடிப்பாக இருக்கலாம்.

பைப்பும் மரையும்

டிறம் வண்டியில் உடலிலிருந்து அக்ஸிலுக்கு ஒரு ரப்பர் ஹோஸ், அங்கிருந்து இரண்டு பக்கமும் இரும்புப் பைப் போகும். வீல் சிலிண்டர் அசையாது, அதனால் அது சரி. உங்கள் புதுக் கலிப்பர் ஊசியில் வழுக்கி அசையும். பேட் தேயத்தேய அது உள்ளுக்கு நகரும். இரும்புப் பைப்பை நேரே அதில் பூட்டினால் சில காலத்தில் பைப் வெடித்துவிடும். ஒவ்வொரு பக்கமும் அக்ஸிலில் ஒரு பிடி வைத்து, அங்கிருந்து கலிப்பருக்கு ஒரு சிறு ஹோஸ் போடவேண்டும்.

மரையில் கவனம். எம்ஜீபியின் பைப் நட் 3/8 அங்குல யூஎன்எஃப், அங்குலத்துக்கு 24 மரை. ஜப்பான் கலிப்பர் பக்கம் 10 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி மரை. 3/8 என்பது 9.5 மி.மீ., அதனால் ஆங்கிலேய நட் ஜப்பான் ஓட்டைக்குள் லொடலொடவென்று போகும், கொஞ்சம் பிடித்ததுபோலவும் இருக்கும். அவசரமாகப் பிறேக் அடிக்கும் நாளில் மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஒரு முனை இது, மறுமுனை அது என்று ஹோஸ் செய்வித்து எடுங்கள். பைப் முனையில் அடிக்கும் ஃபிளேரின் உருவமும் இரண்டிலும் ஒன்றாக இராது, ஓட்டைக்குள் ரோச் அடித்து இருக்கையைப் பார்த்து அதற்கேற்ப அடியுங்கள்.

பைப் 3/16 அங்குலம். ஏசி வேலைக்காரரிடம் இருக்கும் செப்புப் பைப்பை “இதுவும் 3/16 தானே” என்று தருவார்கள். வாங்கவேண்டாம். தனிச் செம்பு அதிர்வில் இறுகி, ஃபிளேரின் கழுத்தில் வெடிக்கும். செம்பு-நிக்கல் பைப் அல்லது பிறேக்குக்கென்று வரும் இரும்புப் பைப் மட்டும்.

மாஸ்ரர் சிலிண்டருக்கு வருவோம். டிறம்முக்கென்று செய்த சில மாஸ்ரர் சிலிண்டர்களுக்குள்ளோ லைனிலோ 10 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தைத் தேக்கும் ஒரு சிறு வால்வு இருக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது, பேட் எப்போதும் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே இருந்து சூடேற்றும். இருந்தால் எடுத்துவிடுங்கள். எம்ஜீபியில் மாஸ்ரர் சிலிண்டர் கலிப்பரைவிட உயரத்தில் இருப்பதால் ஒயில் திரும்பி வடியாது, வேறு வால்வும் தேவையில்லை. 1967க்கு முந்திய வண்டி என்றால் ஒற்றைச் சுற்றுத்தான், அதற்குப் பிந்திய வலப்பக்க ஸ்ரியறிங் வண்டிகள் பலவற்றிலும் அப்படித்தான், ஒரு பைப் வெடித்தால் நான்கு சில்லிலும் பிறேக் போகும். இவ்வளவு வேலை செய்கிறீர்கள், இதையும் இரட்டைச் சுற்றாக மாற்றிவிடுங்கள் என்பது என் கருத்து. அழுத்தக் குறைப்பு வால்வு பின் லைனில், அக்ஸில் ஹோஸுக்கு முன்னால், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஒயில் டொட் 4, மூடி உடைக்காத போத்தல். புதிதில் அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை, ஈரம் குடித்துவிட்டால் 155க்கு இறங்கலாம். சிலிக்கன் டொட் 5ஐ இதோடு கலக்கவே கூடாது. என்ஜின் ஒயிலோ வேறு எந்த எண்ணெயோ ஒரு துளி போனாலும் சீல் எல்லாம் ஊதிப்போகும். பெயின்றில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஹாண்ட் பிறேக்: ஒழுங்கு பிழைக்கக்கூடாத இடம்

டிறம்மில் ஷூ தானாகவே இழுபட்டு இறுகும் தன்மை இருப்பதால் ஹாண்ட் பிறேக் இலகுவாகப் பிடிக்கும். டிஸ்க்கில் அது இல்லை, நெம்புகோல் கொடுக்கும் விசை மட்டும்தான். அதனால் கேபிளின் நீளமும் இழுக்கும் திசையும் சரியாக வரவேண்டும். டிறம்முக்கு அளந்த பழைய கேபிளை வளைத்து நெளித்துப் பூட்டாமல், அளவெடுத்துப் புதிதாகச் செய்வியுங்கள். கலிப்பர் நெம்புகோலைக் கேபிள் நேர்க்கோட்டில் இழுக்கவேண்டும், சில்லு மேலே போகும்போது கேபிள் இறுகக்கூடாது.

புதுப் பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஜீ-கிளாம்ப் போட்டு நசுக்கவேண்டாம், உள்ளே இருக்கும் மரை உடையும். இந்த வகைப் பிஸ்டனைத் திருகிக்கொண்டே தள்ளவேண்டும், பெரும்பாலும் மணிக்கூட்டுத் திசையில். கடைசியில் பிஸ்டன் முகத்திலுள்ள பள்ளம், பேட்டின் முதுகில் இருக்கும் முளைக்கு நேரே நிற்கவேண்டும்.

இனி ஒழுங்கு. கேபிளைத் தளரவிட்டு, காற்றை எடுத்து முடித்து, கால் பிறேக்கைப் பல தடவை மிதியுங்கள். கலிப்பருக்குள் இருக்கும் தானியங்கி அட்ஜஸ்டர் அப்போதுதான் பேட்டை டிஸ்க்குக்குக் கிட்டக் கொண்டுவரும். பெடல் உயரம் மாறாமல் நின்ற பிறகு, இரண்டு பக்க நெம்புகோலும் தங்கள் தடையில் முழுக்கத் திரும்பி நிற்கும் நிலையில் கேபிளைப் பூட்டி, தளர்வை மட்டும் எடுங்கள். முதலே கேபிளை இறுக்கிவிட்டால் அட்ஜஸ்டர் வேலை செய்யாது, பெடல் கீழே கீழே போகும், ஹாண்ட் பிறேக்கும் நாளுக்கு நாள் தளரும். “டிஸ்க் போட்டால் ஹாண்ட் பிறேக் பிடிக்காது” என்ற பேச்சு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் தேடிச் சோதிக்க முடியாது, கராச் வாசல் சரிவு போதாது. ஹாண்ட் பிறேக்கை இழுத்துவிட்டு முதல் கியரில் மெதுவாகக் கிளச்சை விட்டுப் பாருங்கள், என்ஜின் திணறி நிற்கவேண்டும்.

றோட்டில் பார்ப்பது

முதலில் வீட்டு ஒழுங்கையில் நடை வேகத்தில். பிறகு விடியக் காலையில், ஆளில்லாத நேரான வீதி. சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிப் பக்கம் போனால் அப்படி இடம் உண்டு, மாடு நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டைப் பதப்படுத்த, 50 கிலோமீற்றரிலிருந்து 15க்கு மிதமாகக் குறைத்து, கொஞ்ச தூரம் ஓடி ஆறவிட்டு, திரும்பவும் அதையே செய்யுங்கள். ஒரு இருபது தடவை செய்யலாம். இடையில் முழுக்க நிறுத்தி மிதித்துப் பிடிக்கவேண்டாம், சூட்டில் பேட்டின் அச்சு டிஸ்க்கில் விழும்.

அது முடிந்த பிறகுதான் பங்கீட்டுச் சோதனை. வால்வைப் பின்பக்கம் ஆகக் குறைவான நிலையில் வையுங்கள். நம்பிக்கையான ஒருவர் வீதியோரம், காருக்கு வெகு தூரம் தள்ளி நின்று சில்லுகளைப் பார்க்கட்டும். 40இல் ஓடி, சில்லு பூட்டுமளவு ஒரே மிதி. முன் சில்லு முதலில் பூட்டுகிறதா என்பதை அவர் சொல்லவேண்டும், உள்ளே இருக்கும் உங்களுக்கு அது சரியாகத் தெரியாது. முன்னுக்கு முதலில் பூட்டினால் வால்வைக் கொஞ்சம் திறந்து மறுபடியும் பாருங்கள். பின்னுக்கு முந்தும் இடம் வந்ததும் நிறுத்தி, அதிலிருந்து நன்றாக ஒரு சுற்றுத் திரும்பி வந்து, 60இல் ஒருமுறை உறுதிசெய்து, வால்வைப் பூட்டுநட்டால் இறுக்கிவிடுங்கள். காய்ந்த தரையில் செற் பண்ணினால் மழைத் தரையிலும் முன் சில்லுத்தான் முதலில் பூட்டும், அதற்காகத்தான் மேலே அந்தக் கணக்கு. மழைக்கென்று கூட்டிக் கூட்டி வைக்கவேண்டாம்.

கையைக் கிட்டக் கொண்டுபோய் நான்கு சில்லின் சூட்டையும் பாருங்கள், டிஸ்க்கைத் தொடவேண்டாம். பின்னிரண்டும் ஒரே சூடாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கக் கேபிள் இறுகியிருக்கும் அல்லது வழுக்கும் ஊசி சிக்கியிருக்கும்.

சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு பிறக்கற் போல்ற், கலிப்பர் போல்ற், ஹப் நட் மூன்றையும் ரோர்க் ஸ்பானரால் சரிபாருங்கள். ஹப் நட்டில் புது ஸ்பிளிற் பின் இருக்கிறதா என்றும் பாருங்கள். செய்த மாற்றத்தைக் காப்புறுதிக் கொம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியைக் காருக்குள் வையுங்கள்.

பண்ணைப் பாலத்தாலும் ஊர்காவற்றுறைப் பக்கமும் அடிக்கடி போகிறவர்களுக்கு உப்புக்காற்றுத்தான் எதிரி. கலிப்பர் வழுக்கும் ஊசிக்குச் சிலிக்கன் கிறீஸ் மட்டும் பூசுங்கள், சாதாரணக் கிறீஸ் ரப்பரைத் தின்னும். வந்ததும் நல்ல தண்ணீரால் சில்லுக்குள் அடித்துக் கழுவி, கழுவிய ஈரத்தோடு நிறுத்தாமல் ஒரு சுற்று ஓடி இரண்டு மூன்று தடவை பிறேக் அடித்துக் காயவைத்த பிறகு கொட்டிலில் விடுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகிற கார் என்றால் ஹாண்ட் பிறேக்கை இழுத்துவிட்டு நிறுத்தாமல் சில்லுக்குக் கட்டை வையுங்கள், இழுத்தபடியே விட்டால் பேட் டிஸ்க்கோடு துருப்பிடித்து ஒட்டும். பிறேக் ஒயிலை இரண்டு வருடம் என்று புத்தகம் சொன்னாலும் எங்கள் ஈரக்காற்றில் வருடத்துக்கு ஒருமுறை, மாரி தொடங்க முன்னம், மாற்றுவது நல்லது.